அரைப் புள்ளி

சட்டையின் நெஞ்சுப் பக்கத்தில் சோப்பை அழுத்தித் தேய்த்தாள் மகள். காய்ந்துபோன வாந்தி முதல் இரண்டு தேய்ப்புக்கு அசையவே இல்லை. மூன்றாவது தேய்ப்பில் ஊறி, மஞ்சளாக நுரைத்து, விரலிடுக்கில் வழுக்கியது. நுரைக்குள் பாதி மென்ற வேர்க்கடலை ஒன்று கிடந்தது.

பதினெட்டு வருஷமாக அவளுக்குப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் மலம், மூத்திரம், சளி, சீழ் என்று டப்பா டப்பாவாக வந்து இறங்கும். மூடியைத் திறப்பாள், குச்சியால் தொடுவாள், கண்ணாடித் துண்டில் தடவுவாள், அடுத்ததை எடுப்பாள். புதிதாகச் சேரும் பெண்கள் முதல் வாரம் சோறு இறங்காமல் திண்டாடும்போது அவர்கள் எதிரிலேயே சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக் காட்டுவாள். அருவருப்பு என்ற ஒன்றே தனக்குக் கிடையாது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். அந்த வேர்க்கடலையைப் பார்த்ததும் கையை உதறிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கட்டிக் கொடுத்த மத்தியானச் சாப்பாட்டைத் தொடாமல் வைத்துவிட்டு அப்பா கடலை தின்றிருக்கிறார்.

"ஏம்மா, வீட்ல வேற சட்டையா இல்ல? பீரோ நிறைய தொங்குது. போயும் போயும் இதையா துவைச்சுட்டு நிப்பே?" சமையலறை வாசலில் வந்து நின்ற அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டாள். செத்துப்போனவருடைய அக்கா.

"அம்மா இதான் வேணும்ங்கறா."

"அவளுக்கு என்ன தெரியும்? ஒரு கண்ணு வேற ஆபரேஷன் ஆகி உட்கார்ந்திருக்கா."

மகள் குழாயைத் திறந்துவிட்டாள். கடலை தண்ணீரோடு சுழன்று சல்லடையில் போய் ஒட்டிக்கொண்டது. அதை விரலால் எடுத்துக் குப்பையில் போட்டாள்.

நேற்று சாயங்காலம் நாலரை மணி சுமாருக்கு, ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்த சதுரங்கப் போட்டியின் நாலாவது சுற்றில், ஆட்டத்தை டிரா செய்து கைகுலுக்கிவிட்டுக் கழிவறைக்குப் போன அப்பா அங்கேயே விழுந்தார். ஆள் கண்டுபிடிக்கப் பத்து நிமிஷம் ஆனது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வயது அறுபத்து மூன்று. முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கிளப்பில் அவருக்குப் பெயரே லிஃப்ட்காரர்தான். இந்த மாசம் மேலே போகிறாரா கீழே போகிறாரா என்று அவருடைய ரேட்டிங்கை வைத்துக் கேலி பேசுவார்கள். பெரும்பாலும் கீழேதான்.

அதே நேற்றுதான் அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். மூன்று மாதத்துக்கு முன்பே குறித்த தேதி. போட்டித் தேதி பிறகு வந்தது. அப்பா காலையில் கண் ஆஸ்பத்திரிக்கு வந்தார், சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், "இவ இருக்கா இல்ல, பாத்துக்குவா" என்று மகளைக் கைகாட்டிவிட்டு மூன்றாவது சுற்றுக்குப் போய்விட்டார். அம்மா அதற்கும் தலையாட்டினாள். முப்பத்தெட்டு வருஷத்தில் தலையாட்டிப் பழகிய தலை.

இப்போது அந்தத் தலையை அசைக்கக்கூடாது. அழக்கூடாது, தேய்க்கக்கூடாது, குனியக்கூடாது என்று கண் ஆஸ்பத்திரி நர்ஸ் போனில் மூன்று தடவை சொன்னாள். "இறந்தது யாருன்னாலும் சரிம்மா, ரெண்டு நாளைக்கு ஒரு சொட்டு விடக்கூடாது. தையல் கூட போடல, அப்படியே விட்டிருக்கோம்." ஆகவே அம்மா கூடத்தில் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, நாற்காலியில் முதுகை நிமிர்த்தி, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கணவனை மேலிருந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் அவள் கையைப் பிடித்துப் பார்த்தார்கள், கட்டிக்கொண்டு பார்த்தார்கள். ஒன்றும் வரவில்லை என்றதும் தள்ளிப்போய்க் காதோடு காது பேசினார்கள்.

"ஒரு சொட்டு வரலையே. கல்லு மாதிரி இருக்காளே."

"ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இருந்துச்சோ இல்லையோ."

கண் ஆபரேஷன் ஆனவள் என்று அத்தைக்குத் தெரியும். அத்தை அதை யாரிடமும் சொல்லவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, தான் மட்டும் கூடுதலாக அழுதாள்.

சட்டையைப் பிழிந்து உதறிக் கொடியில் போட்ட பிறகு, ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பையை மகள் ஜன்னல் திட்டில் கவிழ்த்தாள். மூக்குக்கண்ணாடி, சீப்பு, ஒரு காலுறை. இன்னொரு காலுறை எங்கே போனதோ. கடலை சுற்றிய காகிதம். ஆட்டத்தின் நகர்த்தல்களை எழுதி, நாலாக மடித்த ஸ்கோர் ஷீட். அதை அப்படியே வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள்.

கிளப்காரர்கள் பத்தரை மணிக்கு மொத்தமாக வந்தார்கள். ஏழு பேர். செருப்புகளைக் கழற்றுமுன்பே யார் முதலில் உள்ளே போவது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மலர்வளையத்தை வைத்திருந்த செயலாளர் முன்னே வந்தார். அச்சகம் வைத்திருப்பவர். ஆள் கனம், குரல் அதைவிடக் கனம்.

"கடைசி ஆட்டத்துலயும் தோக்கலம்மா" என்றார் அம்மாவிடம், பரிசளிப்பு விழாவில் பேசுகிற மாதிரி. "கௌரவமாத்தான் போயிருக்காரு. டிரா பண்ணி அரைப் புள்ளி வாங்கிட்டுதான் எந்திரிச்சிருக்காரு."

அம்மா கறுப்புக் கண்ணாடியை அவர் பக்கம் திருப்பினாள். "உட்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தார்கள். முதல் ஐந்து நிமிஷம் துக்க வீட்டில் உட்காருகிற மாதிரிதான் உட்கார்ந்தார்கள். முட்டிமேல் கை, தரையைப் பார்த்த பார்வை. பிறகு டீ வந்தது. டீயோடு குரலும் வந்தது. அப்பாவின் அலமாரியில் இருந்த பலகையை யார் எடுத்தது என்று தெரியவில்லை. மகள் சமையலறையிலிருந்து அம்மாவின் சொட்டு மருந்தை எடுத்துக்கொண்டு வந்தபோது, பலகை ஒரு முக்காலிமேல், பெட்டிக்குப் பக்கத்திலேயே விரித்திருந்தது. கடைசி நிலையை யாரோ செல்போனில் படம் எடுத்து வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துப் பார்த்துக் காய்களை வைத்துக்கொண்டிருந்தார் ஒரு கணக்கு வாத்தியார்.

"இங்க பாருங்க. அம்பதாவது மூவுல யானையை ஏழாவது வரிசைக்குக் கொண்டு போயிருந்தா அந்தச் சிப்பாய் விழுந்திருக்கும். ஜெயிச்ச ஆட்டம்."

"எப்படி விழும்? ராஜா வந்து நின்னுக்குமே."

"வரட்டுமே. செக் குடுத்து விரட்டலாம்."

"விரட்டுனா எங்க போவான்? இங்க போவான். அப்புறம்?"

"அப்புறம்..." வாத்தியார் யோசித்தார். யோசிக்கும்போது கையிலிருந்த டீ தம்ளரை வைக்க இடம் தேடி, பார்க்காமலே கண்ணாடிப் பெட்டியின்மேல் வைத்தார். சரியாக அப்பாவின் முகத்துக்கு மேலே.

மகள் தம்ளரை எடுத்தாள். கண்ணாடியில் பழுப்பாக ஒரு வளையம் விழுந்திருந்தது. புடவைத் தலைப்பால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அது பரவியது.

"சாரிம்மா, சாரி" என்று வாத்தியார் எழுந்தார். எழும்போது முட்டி பட்டு ஒரு சிப்பாய் உருண்டு பெட்டிக்கடியில் போனது. அதை எடுக்க மூன்று பேர் குனிந்தார்கள்.

"பலகையை எடுத்து வைங்க" என்றாள் அவள்.

அவள் குரல் உயரவில்லை. ஆனாலும் கூடம் அடங்கிவிட்டது. செயலாளர் அவளை மெதுவாக வாசல் பக்கம் அழைத்துப்போனார். அழைத்துப்போகும் தோரணையிலேயே ஒரு விஷயம் கொண்டு வந்திருக்கிறார் என்று தெரிந்தது. அதைச் சொல்லாமல் அவரால் வீடு திரும்ப முடியாது.

"சொல்லக்கூடாதுன்னுதான் நினைச்சேன். ஆனா உங்களுக்குத் தெரியணும்மா. எதிர்ல ஆடுனது யாருன்னு தெரியுமில்ல? நம்ம மருந்துக்கடைக்காரரு."

தெரியும். பரிசோதனைக் கூடத்துக்கு எதிர்வரிசையில்தான் அவருடைய கடை. தலைமுடிக்குக் கறுப்பு மை போட்டு, மீசைக்குப் போட மறந்த மனிதர்.

"உங்கப்பா உடம்பு முடியாம டிரா கேட்டிருக்காரு. ஒரு தடவை இல்ல, மூணு தடவை. அந்த ஆளு குடுக்கல. நடுவரே வந்து கண்டிச்சாரு, நாங்கெல்லாம் கண்ணால பாத்தோம். மனுஷன் மூச்சு வாங்கிட்டு உட்கார்ந்திருக்கான், இவன் ஜெயிக்கப் பாத்திருக்கான். பாருங்க, இன்னிக்கு முகத்தைக் காட்டல."

அவர் வாயிலிருந்து பிஸ்கட்டுத் தூள் பறந்து அவள் கைமேல் விழுந்தது. அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். ஆனால் அவர் சொன்னது உள்ளே போய்விட்டது. மருந்து விற்கிறவன். எதிரில் ஒருத்தர் வேர்த்து வழிந்து, இடது தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அது என்னவென்று கடையில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் பையனுக்குக்கூடத் தெரியும். தெரிந்தும் யானையை நகர்த்திக்கொண்டிருந்திருக்கிறான்.

நேற்றிலிருந்து அவளுக்கு இல்லாமலிருந்தது இதுதான். கோபப்பட ஒரு ஆள். கிடைத்ததும் உடம்பில் கொஞ்சம் தெம்புகூட வந்தது.

சட்டை முழுதாகக் காயவில்லை. மயான வேன் பன்னிரண்டு மணிக்கு. பின்னறையில் மேஜைமேல் போர்வையை விரித்து, ஈரத்தோடேயே இஸ்திரி போட ஆரம்பித்தாள். ஆவியோடு ஒரு புளித்த வாடை எழுந்தது. சோப்புக்கும் போகாத வாடை. மூச்சைப் பிடித்துக்கொண்டு காலரைத் தேய்த்தாள். இஸ்திரிப் பெட்டி சூடாகக் காத்திருந்த ஒரு இடைவேளையில், ஜன்னல் திட்டிலிருந்த ஸ்கோர் ஷீட்டை எடுத்துப் பிரித்தாள்.

அவளுக்கு அதைப் படிக்கத் தெரியும். சின்ன வயதில், எதிரில் உட்கார ஆள் கிடைக்காத ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா அவளைப் பிடித்து உட்கார வைத்துவிடுவார். தோற்றால் எழுந்து போக விடமாட்டார், ஜெயித்தால் நம்பமாட்டார். பன்னிரண்டு வயதில் ஒருநாள் பலகையைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போனாள். அதோடு சரி.

இடப்பக்கம் வெள்ளைக்காயின் நகர்த்தல்கள், வலப்பக்கம் கறுப்பு. அப்பாவுக்கு வெள்ளை. முதல் இருபது வரி குண்டு குண்டாக, லிஃப்ட் பழுதுப் புத்தகத்தில் எழுதுகிற அதே எழுத்து. இருபத்தைந்துக்கு மேல் எழுத்து சரிந்தது. நாற்பதில் கட்டத்தை விட்டு வெளியே போனது. நாற்பத்தாறாவது வரியில் ஒரு நகர்த்தலை இரண்டு தடவை எழுதி இரண்டையும் அடித்திருந்தார்.

டிரா கேட்டால், யார் கேட்டாலும் சரி, இரண்டு பேரும் அந்த நகர்த்தலுக்குப் பக்கத்தில் ஒரு சமக்குறி போட வேண்டும். அது விதி. விதி விஷயத்தில் அப்பா குறை வைக்கமாட்டார். தாளில் நாலு சமக்குறிகள் இருந்தன.

இருபத்திரண்டு. இருபத்தொன்பது. முப்பத்தைந்து. மூன்றும் வலப்பக்கம். கறுப்பின் பக்கம்.

அவள் தாளை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்து இன்னொரு தடவை பார்த்தாள். மூன்று தடவையும் கேட்டது மருந்துக்கடைக்காரர். மூன்று தடவையும் மறுத்தது அப்பா. நாலாவது குறி ஐம்பத்தோராவது வரியில், இடப்பக்கம் இருந்தது. அதோடு ஆட்டம் முடிந்திருந்தது.

இஸ்திரிப் பெட்டி சட்டைமேலேயே இருப்பது நினைவுக்கு வந்து தூக்கினாள். தீயவில்லை. ஆனால் அந்தப் புளித்த வாடை அறை முழுவதும் நிறைந்திருந்தது.

பின்வாசல் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால், மீசை மட்டும் வெளுத்த அந்த மனிதர் குப்பை வாளிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"முன்னாடி வழியா வர முடியலம்மா" என்றார். "கிளப் ஆளுங்க இருக்காங்க."

அவள் உள்ளே வரச் சொல்லவில்லை. கதவைச் சாத்தவுமில்லை. அவர் வாசற்படிக்குக் கீழேயே நின்று பேசினார்.

"எல்லாரும் என்ன சொல்லுவாங்கன்னு தெரியும். அது அப்படி இல்லம்மா."

"தெரியும். ஷீட்டைப் பாத்தேன். நீங்கதான் கேட்டிருக்கீங்க."

அவர் முகம் சட்டென்று இளகியது. அப்படி இளகியது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"மூணு தடவை கேட்டேன்மா. முத தடவை கேக்கும்போதே அவருக்கு வேர்க்க ஆரம்பிச்சிடுச்சு. ஹால்ல நல்ல காத்து வருது, இவருக்கு மட்டும் சட்டை நனைஞ்சிருக்கு. எனக்குப் புரிஞ்சு போச்சு. என் பையில மாத்திரை கூட இருந்துச்சு. 'டிரா வச்சுக்குவமா'ன்னேன். பலகையைப் பாத்துக்கிட்டே 'எனக்கு ஒரு சிப்பாய் கூடுதலா இருக்கு'ன்னாரு."

"அப்புறம்?"

"ரெண்டாவது தடவை கேட்டேன். பதிலே இல்ல. மூணாவது தடவை, டிரா கேட்டுட்டு, குனிஞ்சு, 'உடம்பு முடியலையா, யாரையாவது கூப்பிடவா'ன்னு மெல்லக் கேட்டேன். அவரு கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டாரு. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. உதவி கேக்கப் போறாருன்னு நினைச்சேன்." அவர் மீசையைத் தடவிக்கொண்டார். "என் மேல புகார் சொன்னாரும்மா. சும்மா சும்மா டிரா கேட்டு, பேச்சுக் குடுத்து, யோசிக்க விடாம தொந்தரவு பண்றேன்னு. நடுவர் என்னை எச்சரிச்சிட்டு அவரு கடிகாரத்துல யோசிக்கிற நேரம் ரெண்டு நிமிஷம் கூடப் போட்டுட்டுப் போனாரு."

குப்பை வாளியைச் சுற்றி ஈக்கள் பறந்தன. அவர் ஒரு கையால் ஓட்டிக்கொண்டே இருந்தார்.

"எனக்குக் கோவம் வந்துடுச்சு. போய்யா, நீயாச்சு உன் உடம்பாச்சுன்னு ஆடுனேன்."

"நடுவர்கிட்ட நீங்களே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நம்பியிருப்பாரா? இப்பதான் எச்சரிச்சிட்டுப் போனாரு."

"சரி. ரிசைன் பண்ணியிருக்கலாம்."

அவர் கை ஈயை ஓட்டுவதை நிறுத்தியது.

"தோத்துட்டேன்னு கையைக் குடுத்திருந்தா அப்பவே எந்திரிச்சிருப்பாரு" என்றாள் அவள். "மாத்திரையைக் குடுத்திருக்கலாம்."

"யோசிச்சேன்மா."

"யோசிச்சு?"

"ரெண்டரைப் புள்ளியில இருந்தேன். தோத்தா அதோட போச்சு. டிரான்னாக்கூட நம்ம பிரிவுல முதல் மூணுக்குள்ள வர வாய்ப்பு இருக்கு." அவர் தரையைப் பார்த்துச் சொன்னார். "உடம்பு முடியாதது அவருக்கு. நான் எதுக்குத் தோக்கணும்னு தோணுச்சு. அவரும் அதையேதான் நினைச்சிருப்பாரு."

சொல்லிவிட்டு அவர் நிமிர்ந்து பார்த்தார். யாராவது ஒருவரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்திருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. வாந்தி எடுத்தவர்களுக்கு வருகிற மாதிரி ஒரு நிம்மதி அவர் முகத்தில் வர ஆரம்பித்திருந்தது. எடுத்ததை அள்ள வேண்டியவள் இவள்.

"கடைசியில அவரே 'டிரா'ன்னாரு. குரலே வரல. கையைக் குடுத்தாரு. ஐஸ் மாதிரி இருந்துச்சு, சொட்டச் சொட்ட ஈரம். நான்..." அவர் உள்ளங்கையைத் தொடையில் தேய்த்தார், அவருக்கே தெரியாமல். "மேஜைக்கு அடியில பேன்ட்ல துடைச்சுக்கிட்டேன். அவரு பாத்துட்டாரு."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. காயைத் திரும்ப அடுக்க ஆரம்பிச்சாரு. எங்க ஜெயிப்பை விட்டேன்னு பாக்கலாம்னாரு. ரெண்டு மூவ் வச்சுப் பாத்துட்டு, 'இரு, போயிட்டு வந்துர்றேன்'னு எந்திரிச்சாரு. நான் அங்கேயே உட்கார்ந்து அந்த நிலையைப் பாத்துக்கிட்டிருந்தேன்."

"பத்து நிமிஷமா?"

"பத்து நிமிஷம் ஆனதே தெரியலம்மா."

உள்ளேயிருந்து அத்தையின் ஒப்பாரி ஒரு தடவை உயர்ந்து தணிந்தது. அவர் தயங்கிக்கொண்டே கேட்டார். "ஆட்டத்துக்கு முன்னாடி ஹாலுக்கு வெளிய நின்னு உங்களுக்குப் போன் பண்ணிக்கிட்டிருந்தாரே. அப்பவே ஏதாவது சொன்னாரா?"

ஒன்றே முக்கால் மணிக்கு வந்த போன். அம்மாவை அப்போதுதான் ஆபரேஷன் முடித்து வெளியே கொண்டுவந்து படுக்க வைத்திருந்தார்கள். அப்பா அம்மாவைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்துத்தான் எடுத்தாள். "நெஞ்செல்லாம் கரிக்குதும்மா, என்ன மாத்திரை போடலாம்?" என்றார். "உங்க குதிரைகிட்ட கேளுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"இல்ல" என்றாள் அவரிடம். "ஒண்ணும் சொல்லல."

வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. வாசற்படியைத் தாண்டி, அவர் பார்க்கப் பார்க்க, சாக்கடையில் துப்பினாள். அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். தன்மேல் துப்பியதாகவே எடுத்துக்கொண்டார் போல.

"உங்கம்மாவைப் பாத்து ஒரு வார்த்தை..."

"வேணாம். அவங்க அழக்கூடாது."

கதவைச் சாத்தினாள்.

சட்டையை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது கிளப்காரர்கள் வாசலுக்குப் போயிருந்தார்கள். அவள் கணவனும் வேன்காரரும் பெட்டியைத் திறந்து அப்பாவைத் தூக்கி உட்கார வைத்தார்கள். கைகள் மடங்கவில்லை. சட்டையை முதுகுப் பக்கம் கிழித்துத்தான் மாட்ட வேண்டும் என்று வேன்காரர் சொல்ல, கணவன் கத்தரிக்கோல் தேடினான். ஒரு மணி நேரம் துவைத்து இஸ்திரி போட்ட சட்டையை அவளே நடுவில் கிழித்துக் கொடுத்தாள். முன்னால் பட்டன் போட்டதும் பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது.

"அம்மா, மருந்து போட நேரமாச்சு."

அம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். ஆபரேஷன் ஆன கண் சிவந்து, வீங்கி, வறண்டிருந்தது. மகள் இமையை இரண்டு விரலால் விரித்தாள். சொட்டு விழுந்ததும் அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"பின்பக்கம் யாரு வந்தது?"

"மருந்துக்கடைக்காரரு."

"அவரா எதிர்ல ஆடுனது?"

"ம்."

அம்மாவின் மூடிய இமைக்குள் கண்மணி அசைவது தெரிந்தது. அவளுக்கு ஒரு காயின் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. ஆனால் முப்பத்தெட்டு வருஷம் ஒவ்வொரு போட்டி முடிந்தும் சோற்றுத் தட்டுக்கு எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு ஆட்டத்தையும் கேட்டவள்.

"டிரா யாரு கேட்டது?" என்றாள்.

மகள் மருந்துப் புட்டியை மூடினாள். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. எந்தப் பொய் அம்மாவுக்கு நல்லது என்று தெரியவில்லை.

"அப்பாதான்."

"அவரா? அவரா கேட்டாரு?"

"ஆமா."

அம்மா கண்ணைத் திறக்காமலே தலையை ஆட்டப் போனாள். நினைவு வந்து நிறுத்திக்கொண்டாள்.

"அப்போ ரொம்ப முடியாமத்தான் போயிருக்கு" என்றாள்.

அதற்குள் அத்தை வந்துவிட்டாள். "வண்டி வந்தாச்சு, கடைசியா ஒரு தடவை முகத்தைப் பாத்துக்கோ" என்று அம்மாவின் தோளைப் பிடித்துக் குனியவைக்கப் பார்த்தாள். மகள் அத்தையின் கையை எடுத்துவிட்டாள். கொஞ்சம் வேகமாகவே எடுத்துவிட்டாள் போலிருக்கிறது. அத்தை அந்தக் கையைத் தடவிக்கொண்டே சுற்றிலும் பார்த்தாள்.

மின்மயானத்தில் இவர்களுக்கு முன்னால் இன்னொரு உடல் இருந்தது. முக்கால் மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். கண்ணில் புகை படக்கூடாது என்று அம்மாவை வேனிலேயே கண்ணாடி ஏற்றி உட்கார வைத்துவிட்டு, மகளின் கணவன் கூட இருந்தான். கிளப்காரர்கள் வேப்பமர நிழலில் நின்றார்கள். முதலில் இரண்டு பேர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு செயலாளர் வந்தார்.

"ரெண்டரைக்கு அஞ்சாவது சுற்று. தள்ளிவைக்கத்தான் கேட்டோம்மா, ஹால் கிடைக்காதுன்னுட்டாங்க. ஆட்டம் ஆரம்பிக்கும் முன்னாடி எல்லாரும் எந்திரிச்சு நின்னு ஒரு நிமிஷம் மௌனம். அதை நானே பாத்துக்கறேன்."

"சரி சார்."

"அந்த ஆளு இங்க வரை வந்திருக்கான், பாத்தீங்களா? என்ன தைரியம்."

பார்த்தாள். மருந்துக்கடைக்காரர் யாரோடும் சேராமல், சுற்றுச்சுவர் ஓரம் தனியாக நின்றுகொண்டிருந்தார். அவளிடம் வரவில்லை. கிளப்காரர்கள் ஒரே காரில் நெருக்கிக்கொண்டு ஏறிப் போனார்கள். அவரை யாரும் கூப்பிடவில்லை.

உடலை உள்ளே எடுத்துப்போன பிறகு, அவளைக் கையெழுத்துக்காக அலுவலக அறைக்குக் கூப்பிட்டார்கள். மேஜைக்குப் பின்னாலிருந்தவர் வாயில் எதையோ மென்றுகொண்டு, "வயசு? தொழில்? உறவு?" என்று கேட்டுக் கேட்டு எழுதினார். "இங்க ஒண்ணு, கீழ ஒண்ணு" என்று படிவத்தை அவள் பக்கம் திருப்பினார். முதல் கையெழுத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே சாலை தெரிந்தது.

மருந்துக்கடைக்காரர் கேட்டைத் தாண்டியிருந்தார். மெதுவாகத்தான் நடந்தார், துக்கத்துக்கு வந்தவர் நடக்கிற மாதிரி. எதிர்ப்பக்கம், போட்டி நடக்கும் பள்ளிக்கூடம் வழியாகப் போகிற பஸ் வந்து நின்றது. அவர் மயானத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்த பேனா விழாமல் ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தார். வயதான ஓட்டம், முழங்கால் மடங்காத ஓட்டம். பஸ் நகர்ந்துவிட்டது. அவர் இன்னும் வேகமாக ஓடினார். உள்ளேயிருந்து யாரோ கையை நீட்டி அவரை இழுத்து ஏற்றிக்கொண்டார்கள்.

"கீழ ஒண்ணும்மா" என்றார் மேஜைக்காரர்.